கண் சிகிச்சைக்குப் பணம் சேர்த்த வரலாறு

பள்ளிபாளையத்தில் ஒருவருக்குப் பார்வை மங்கினால் அதை முதலில் காட்டிக்கொடுப்பது தறிதான். விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும்போது பாவில் ஓர் இழை அறுந்தால், ஓட்டுபவர் உடனே பார்த்துத் தறியை நிறுத்தி, இழையைப் பிணைத்து, மறுபடியும் ஓட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் துணியில் பழுது விழும். பழுது விழுந்த துணிக்குக் கூலியில் பிடித்தம் உண்டு. காவிரியின் கிழக்குக் கரையில், ஈரோட்டுக்கு எதிரே இருக்கும் இந்த ஊரில் கண் என்பது தொழிற்கருவி. கண் மங்கினால் கூலி குறையும். கூலி குறைந்தால் வார வட்டிக்கு வாங்கிய கடன் ஏறும். கடன் எதுவரை கொண்டுபோய் விடும் என்பதை 2025ஆம் ஆண்டு தமிழ்நாடே பார்த்தது. இவ்வூர் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனை அடைக்கச் சிறுநீரகத்தை விற்ற செய்தி அந்த ஆண்டு எல்லா நாளிதழ்களிலும் வந்தது.

அந்த நிலைக்கு ஒருவர் போகாமல் தடுக்க ஊரில் இருக்கும் பழைய வழி ஒரு நோட்டு. தறிப்பட்டறையிலும் டீக்கடையிலும் நாற்பது பக்க நோட்டு ஒன்று சுற்றி வரும். பெயர், தொகை, அவ்வளவுதான். ஒரு நண்பனின் கண்ணுக்காக நாலு பேர் போடும் இந்தப் பணம் தமிழகத்தில் எப்படிப் பெரிய மருத்துவமனைகளாக வளர்ந்தது, அவை வளர்ந்த பிறகும் அந்த நோட்டு ஏன் இன்னும் சுற்றுகிறது என்பவையே இக்கட்டுரையின் பொருள்.

அரசர்கள் காலமும் கம்பெனிக் காலமும்

பழைய நூல்களில் பார்வை இழந்தோர் பலர் வருகிறார்கள். திருவொற்றியூரில் பார்வை இழந்த சுந்தரர், காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மறு கண்ணையும் திரும்பப் பெற்றார் என்று பெரியபுராணம் கூறும். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் வள்ளல்களைப் பாடிப் பரிசில் பெற்றார். அக்காலத்தில் பார்வையற்றவருக்கு உதவி என்றால் சோறும் பரிசிலும்தான். சிகிச்சைக்கென்று பணம் சேர்க்கும் பேச்சு குறைவு. காரணம், சிகிச்சையே குறைவு. புரை விழுந்த வில்லையை ஊசியால் கண்ணுக்குள்ளேயே ஒதுக்கித் தள்ளும் முறை ஒன்று இருந்தது. சுசுருத சங்கிதை அதைச் சொல்கிறது. அதன் பலன் நிச்சயமற்றது.

தஞ்சாவூரை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் இதில் ஒரு விதிவிலக்கு. தன்வந்திரி மகாலில் மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்த அவர், கண் மருத்துவத்தில் தனி ஆர்வம் கொண்டிருந்தார். நோயாளிகளின் கண்களை வண்ணப் படங்களாக வரைந்து எழுதப்பட்ட நோய்க் குறிப்புகள் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. செலவு அரசருடையது. அரசர் போனால் ஏற்பாடும் போகும் என்பது இந்த முறையின் குறை.

1819இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஒரு கண் மருத்துவமனை இராயப்பேட்டையில் தொடங்கியது. பின்னர் அது எழும்பூருக்கு மாறியது. 1805இல் தொடங்கிய இலண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்துப் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக இதைச் சொல்வார்கள். இந்தியாவின் முதல் கண் வங்கியும் 1945இல் டாக்டர் இரா. ஏ. சு. முத்தையாவின் முயற்சியால் இங்கேதான் அமைந்தது. பெருமைக்குரிய இடம், ஐயமில்லை. ஆனால் அன்றைய சேலம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கண் தெரியாத ஒரு கிழவர் எழும்பூர் போக வேண்டுமென்றால், கூட ஒருவர் வர வேண்டும், இருவருக்கும் வண்டிச் சத்தம் வேண்டும், சென்னையில் தங்க இடம் வேண்டும். வைத்தியம் இலவசம், வைத்தியரிடம் போவது இலவசமல்ல. மேலே படிக்கும்போது மாணவர்கள் இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கண் சிகிச்சைக்கான நிதி வரலாறு முழுவதும் இந்த முடிச்சில்தான் சிக்கிக் கிடக்கிறது.

மொய் நோட்டு

ஊர் மக்களிடம் பணம் திரட்டும் முறையாக நமக்குத் தெரிந்த பழைய வடிவம் மொய். கொங்கு நாட்டில் கல்யாணம், காதுகுத்து, சீர் எல்லாவற்றிலும் வாசலில் ஒருவர் நோட்டுடன் உட்கார்ந்து மொய் எழுதுவார். நமக்கு யார் எவ்வளவு செய்தார் என்பதைப் பார்த்து, அவர் வீட்டு விசேஷத்துக்கு அதற்குக் குறையாமல் செய்ய வேண்டும். தஞ்சாவூர் மாவட்டப் பேராவூரணிப் பக்கமும், புதுக்கோட்டை மாவட்டக் கீரமங்கலம், வடகாடு பக்கமும் இது மொய் விருந்து என்ற தனி ஏற்பாடாகவே வளர்ந்தது. ஆடி மாதத்தில் பலர் சேர்ந்து பந்தல் போட்டு, கறிவிருந்து வைத்து, மொய் வாங்குவார்கள். அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. வட்டி இல்லை, ஆனால் வாங்கியதைக் கூடுதல் சேர்த்துத் திருப்ப வேண்டும். 2024இல் வயநாடு நிலச்சரிவில் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் திண்டுக்கல்லில் ஓர் உணவகம் மொய் விருந்து நடத்தியது. அதில் போட்ட பணம் திரும்பி வராது என்று தெரிந்தே மக்கள் போட்டார்கள்.

நோயாளிக்குச் சுற்றும் நோட்டு இந்த மொய் நோட்டின் தம்பிதான். திருப்பித் தர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் பெயர் எழுதப்படுகிறது. எழுதப்பட்ட பெயர் ஒரு பாரம். பணம் வாங்கியவர் அந்த நோட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் தெருவில் பார்க்கும்போது கொஞ்சம் குனிந்துதான் போவார். இந்தக் குனிவுக்கு ஒரு வழி கண்டதுதான் மதுரையில் நடந்த பெரிய காரியம் என்பது என் கருத்து.

கண் முகாம்

மதுரைக்கு வருமுன் முகாம்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளி மருத்துவரிடம் வர முடியாவிட்டால் மருத்துவர் நோயாளியிடம் போவது என்பது கண் முகாமின் அடிப்படை. கர்நாடகத்தைச் சேர்ந்த டாக்டர் மு. செ. மோதி ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கில் கண்புரை அறுவை செய்து புகழ்பெற்றார். ஒரே நாளில் 833 அறுவை செய்ததாக அவர் பெயரில் ஒரு சாதனை உண்டு. பள்ளிக்கூடங்களும் சத்திரங்களும் முகாம்களில் அறுவைக் கூடங்களாயின. பெஞ்சு மேசைகளை ஒதுக்கி, தரையைக் கழுவி, வேட்டி கட்டி மறைத்து நடந்த முகாம்களை என் வயதொத்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

முகாமுக்குப் பணம் கொடுத்தது யார்? ஊர்ப் பெரியவர்கள், மில் முதலாளிகள், கோயில் நிர்வாகங்கள், ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள். லயன்ஸ் சங்கத்துக்குக் கண்ணோடு இருக்கும் தொடர்பு தற்செயலல்ல. 1925இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் நடந்த அச்சங்கத்தின் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றோருக்காகப் பாடுபடும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். அந்த ஒரு பேச்சின் பலன் நூறு ஆண்டு கழித்து நம்மூர்ப் பள்ளி வாசலில் தொங்கும் ‘இலவசக் கண் சிகிச்சை முகாம்’ துணிப் பதாகையில் தெரிகிறது. இங்கிலாந்தில் சர் ஜான் வில்சன் தொடங்கிய காமன்வெல்த் பார்வையற்றோர் சங்கமும் 1960களில் இந்திய முகாம்களுக்கு உதவியது. வில்சன் சிறுவயதில் பள்ளி ஆய்வகத்தில் நடந்த வெடி விபத்தில் பார்வை இழந்தவர்.

மதுரையில் ஒரு வீடு

டாக்டர் கோ. வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் அயன் வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று இராணுவத்தில் மருத்துவராகச் சேர்ந்தார். கடுமையான முடக்குவாதம் வந்து இராணுவத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற ஆசையை விட்டுக் கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளைப் பழகிக்கொண்டு, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவுக்குத் தலைமை வகித்த காலத்திலேயே முகாம்களை நடத்தினார். 1973இல் பத்மசிறீ விருது பெற்றார்.

1976இல் 58 வயதில் பணி ஓய்வு. ஓய்வு பெற்றவர் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 6 படுக்கை பணம் கொடுப்பவர்களுக்கு, 5 படுக்கை கொடுக்க முடியாதவர்களுக்கு. விரிவாக்கத்துக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்தார். குடும்பப் பெண்களின் நகைகள் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் குறைந்த சம்பளத்தில் உடன் உழைத்தார்கள். ஆக, இந்தியாவின் மிகப் பெரிய கண் மருத்துவ நிறுவனம் ஒன்றின் முதல் மூலதனம் அடகுக் கடை ரசீது. நோட்டுப் போட்டு ஊரைக் கேட்பதற்கு முன் வீட்டுத் தாலிக்கொடியைக் கேட்டார்கள் என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே முக்கியமானது பணம் சுற்றிய விதம். பணம் கொடுக்கும் நோயாளியிடம் வெளியில் உள்ள கட்டணத்தைவிட அதிகம் வாங்கவில்லை. ஆனால் ஒரே மருத்துவர், ஒரே குழு, ஒரே கூடத்தில் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து அறுவை செய்ததால் ஓர் அறுவைக்கான செலவு இறங்கியது. பணம் கொடுத்தவர்களிடம் மிஞ்சியதில் பணம் கொடுக்காதவர்களுக்கும் பார்க்க முடிந்தது. மருத்துவர்கள் இரு பக்கமும் மாறி மாறி வேலை செய்வார்கள். வித்தியாசம் அறையிலும் கட்டிலிலும் லென்சின் வகையிலும்தான். இலவசப் பிரிவில் பாயில் படுக்க வேண்டியிருந்தது. இதைக் குறை சொல்வோரும் உண்டு. நான் சொல்ல மாட்டேன். பாயில் படுத்தவருக்கும் கட்டிலில் படுத்தவருக்கும் கண் ஒன்றுபோலத் தெரிந்தது.

இன்னொன்று: இலவசப் பிரிவுக்குப் போக வருமானச் சான்று கேட்கவில்லை. தாசில்தார் கையெழுத்து வேண்டாம். பணம் கொடுப்பதா இல்லையா என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். ஏழை என்று நிரூபிக்கச் சொல்லாத இந்த ஏற்பாட்டில்தான் நான் மேலே சொன்ன குனிவு இல்லாமல் போகிறது. அவருக்காகப் பணம் கொடுத்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது.

வெளிநாட்டு நண்பர்களும் சேர்ந்தார்கள். உலகிலிருந்து பெரியம்மையை ஒழிக்கும் பணியில் இந்தியாவில் வேலை செய்த லாரி பிரில்லியன்ட்டும் தோழர்களும் 1978இல் அமெரிக்காவில் ‘சேவா’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பார்வையிழப்பைத் தடுப்பது அவர்களுடைய முதல் வேலை. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் தொடக்கத்தில் 5,000 டாலர் கொடுத்தார். கிரேட்ஃபுல் டெட் என்ற இசைக்குழு இவர்களுக்காகக் கச்சேரி நடத்தியது. கலிபோர்னியாவில் கிதார் வாசித்தால் நம்மூர்ப் பாட்டிக்குக் கண் தெரியும் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

லென்சின் விலை

1949 நவம்பரில் இலண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்கும் அறுவையை முதன்முதலாகச் செய்தார். ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகள் நம் முகாம்களுக்கு அது எட்டவில்லை. புரையை எடுத்துவிட்டு, சோடாப் புட்டியின் அடிப்பாகம் போன்ற தடித்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். அது உடைந்தால், தொலைந்தால், பேரன் எடுத்து விளையாடினால், மறுபடி பார்வை இல்லை. பக்கவாட்டில் எதுவும் தெரியாது. தறி ஓட்ட அது உதவாது.

1980களின் இறுதியில் ஒரு லென்சை இறக்குமதி செய்ய நூறு டாலர் அளவுக்கு ஆயிற்று. பணக்காரருக்கு லென்ஸ், ஏழைக்குத் தடித்த கண்ணாடி என்று இரு சாதிகள் உருவாயின. நன்கொடையாக வந்த லென்சுகள் போதவில்லை. லென்சை நன்கொடையாகக் கேட்டுக்கொண்டே இருப்பதற்குப் பதில் இங்கேயே செய்துவிடலாம் என்று முடிவாகி, சேவா அமைப்பின் உதவியோடு 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கியது. லென்சின் விலை பத்து டாலர் அளவுக்கும், பின்னர் அதற்கும் கீழேயும் இறங்கியது. பிற நாடுகளுக்கும் இங்கிருந்து போகிறது. நூறு நண்பர்கள் கையேந்திச் சேர்க்க வேண்டிய ஒரு தொகையை ஒரு தொழிற்சாலை இல்லாமலாக்கிவிட்டது. பணம் திரட்டுவதில் இதைவிடக் கெட்டிக்காரத்தனம் எதையும் நான் படித்ததில்லை.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7 அன்று மறைந்தார். இன்று அவருடைய மருத்துவமனைகள் சேலம் உட்படப் பல ஊர்களில் உள்ளன. ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் நடக்கின்றன. ஏறத்தாழப் பாதி இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம்.

இதே காலத்தில் வேறு முயற்சிகளும் எழுந்தன. கோயம்புத்தூரில் டாக்டர் ரா. வெ. ரமணியும் அவர் மனைவி டாக்டர் ராதா ரமணியும் 1977இல் தொடங்கிய அறக்கட்டளை, சங்கரா கண் மருத்துவமனையாக வளர்ந்தது. சென்னையில் டாக்டர் செ. ச. பத்ரிநாத் 1978இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களும் பிற இந்தியர்களும் இவற்றுக்கென்று அமைப்புகள் நடத்திப் பணம் அனுப்புகிறார்கள்.

இலவசம் என்றாலும் வராதவர்கள்

அறுவை இலவசமானதும் கூட்டம் அலைமோதியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. தமிழகக் கிராமங்களில் நடத்தி 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்குப் போனார்கள் என்று கண்டது. அச்சம் ஒரு காரணம். செலவு இன்னொன்று, இலவச முகாமுக்கும் செலவு உண்டு. வீட்டுப் பொறுப்பை விட்டு வர முடியாதது மற்றொன்று. ‘எனக்கென்ன, போற காலத்துல’ என்று ஒதுங்கும் வயதானவர்களை நாம் எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். பெண்கள் இன்னும் அதிகமாக ஒதுங்குவார்கள்.

மதுரையில் இதை உணர்ந்து, முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, அறுவை தேவைப்படுவோரை அன்றே பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், சோறு போட்டு, அறுவை முடித்து, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடும் முறை ஏற்பட்டது. பள்ளிக்கூடத்தில் அறுவை செய்வதால் வரக்கூடிய சீழ் ஆபத்தும் இதனால் நீங்கியது. ஆகவே கண் முகாமுக்குப் பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கத்திக்குக் கொடுக்கவில்லை. டீசலுக்கும் சாம்பார் சாதத்துக்கும் கொடுத்தார்கள்.

அரசின் பங்கு தனியே விரிவாக எழுதப்பட வேண்டியது. இங்கே சுருக்கம் போதும். கண்நோய்த் தொற்றைக் கட்டுப்படுத்தும் திட்டம் 1963இல் வந்தது. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976இல். தமிழ்நாட்டில் கண்ணொளித் திட்டம் 1970களின் தொடக்கத்திலேயே நடந்தது. 1994 முதல் உலக வங்கிக் கடனுதவியோடு கண்புரைத் திட்டம் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் நடைபெற்றது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். கண் சிகிச்சைகள் பலவும் அதன் பட்டியலில் உண்டு. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வையிழப்பு நூற்றுக்கு 0.36 ஆகக் குறைந்தது. முன்பு அது ஒன்றாக இருந்தது. 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்பில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் கண்புரையால்தான்.

விழித்திரையும் காலமும்

மீதி ஒரு பங்கில்தான் நோட்டு சுற்றுகிறது. கண்புரை பொறுத்திருக்கும். ஆறு மாதம் தாமதித்து எடுத்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பும். கண் நீர் அழுத்த நோயும் சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பும் அப்படியல்ல. அவற்றில் போன பார்வை பெரும்பாலும் போனதுதான். சிகிச்சை இருப்பதைக் காக்கிறது. இங்கே பணம் எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட எப்போது சேர்ந்தது என்பது பெரிய கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் என்னோடு படித்த நண்பர் ஒருவருக்காக நாங்கள் சேர்த்த நோட்டு என்னிடம் இருக்கிறது. முப்பது ஆண்டு தறி ஓட்டியவர், சர்க்கரை நோயாளி. புரைதான் என்றும், அடுத்த முகாமில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அவர் வீட்டில் நினைத்திருந்தார்கள். இடது கண்ணில் இரத்தம் கசிந்து திரை விழுந்ததுபோல ஆன பிறகுதான் விழித்திரை மருத்துவரிடம் போனார்கள். நோட்டை எடுத்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “மேல எம் பேரப் போடாதப்பா.” அதனால் முதல் பக்கத்தில் ‘கண் செலவு’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. பத்து ரூபாயிலிருந்து இரண்டாயிரம் வரை வரவுகள். எழுதத் தெரியாத ஒருவரின் பெயரை டீக்கடைக்காரர் எழுதியிருக்கிறார். என் பழைய மாணவர்கள் சிலர் திருப்பூரிலிருந்து அனுப்பினார்கள்.

செலவுப் பக்கங்கள் இன்னும் பாடம் சொல்பவை. ஊசிக்கும் லேசருக்கும் ஆனது பாதிக்குச் சற்று மேல். மீதி பேருந்து, சாப்பாடு, ஓர் இரவு தங்கியது, துணைக்குப் போன மனைவிக்குப் போன கூலி. ஊசி ஒரு முறையோடு முடிவதில்லை. மாதம் ஒன்று என்று பல மாதம் போட வேண்டும். முதல் மாதம் நோட்டு வேகமாக நிரம்புகிறது. மூன்றாம் மாதம் வரவுகள் நாலு வரிதான். வலது கண் நின்றது. இடது திரும்பவில்லை. அவர் தறிக்குப் போகவில்லை; மருமகன் மளிகைக் கடையில் உட்கார்ந்திருக்கிறார், சில்லறையைத் தடவிப் பார்த்துச் சரியாகக் கொடுக்கிறார்.

அவருக்குப் போட்ட ஊசிக்கும் ஒரு வரலாறு உண்டு. பெவாசிசுமாப் என்பது குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து. 2005இல் அமெரிக்காவில் பிலிப் ரோசன்பெல்ட் என்ற மருத்துவர் அதைச் சிறிதளவு கண்ணுக்குள் செலுத்தி விழித்திரைக் கசிவு குறைவதைக் கண்டார். அடுத்த ஆண்டு கண்ணுக்கென்றே வந்த ரானிபிசுமாப் அங்கே ஓர் ஊசி இரண்டாயிரம் டாலர் அளவில் விற்றது. புற்றுநோய் மருந்துக் குப்பியைப் பல சிறு அளவுகளாகப் பிரித்தால் ஓர் ஊசிக்கு மிகக் குறைந்த செலவே ஆகும். வயதானோருக்கு வரும் விழித்திரை நோயில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன் தருவதை 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ரானிபிசுமாப்பை ஒத்த மருந்தை 2015இல் ஓர் இந்திய நிறுவனமே செய்து விற்கத் தொடங்கியது. மதுரை லென்சுக்கு நடந்தது இங்கேயும் பாதியளவு நடந்திருக்கிறது என்று சொல்லலாம்.

எல்லா மருந்தும் அப்படி இறங்கவில்லை. பிறவியிலேயே ஒரு மரபணுக் குறையால் விழித்திரை சிதையும் அரிய நோய்க்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா ஒரு மரபணு மருந்தை அனுமதித்தது. விலை ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர். இப்படிப்பட்ட விலைகள் வந்தபின் டீக்கடை நோட்டு போதாமல், நோட்டு இணையத்துக்குப் போனது. மிலாப் 2010இலும் கெட்டோ 2012இலும் தொடங்கின. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கான 16 கோடி ரூபாய் ஊசிக்காகத் தமிழ்நாட்டு மக்கள் இந்த வழியில் பணம் போட்டதை மாணவர்கள் அறிவார்கள். இணைய நோட்டில் நோயாளியின் முகம், பெயர், ஊர், அழுகின்ற தாயின் படம் எல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் பணம் வராது என்கிறார்கள். ‘எம் பேரப் போடாதப்பா’ என்று சொல்பவருக்கு அங்கே இடமில்லை.

நோட்டு எடுக்கும் முன் ஊரில் இப்போது சில காரியங்களைச் செய்கிறோம். நோயின் பெயரை மருத்துவர் கையால் எழுதி வாங்குவது. புரையா, அழுத்தமா, விழித்திரையா என்று தெரிந்துகொள்வது. எத்தனை மாதச் சிகிச்சை என்று கேட்பது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே விசாரிப்பது. பணத்தை முடிந்தவரை மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டிவிட்டு ரசீதை நோட்டில் ஒட்டுவது. பாலம் தாண்டினால் ஈரோடு அரசுத் தலைமை மருத்துவமனை. இந்தப் பக்கம் 2022இல் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. பெரிய சிகிச்சைக்குச் சேலம், கோவை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்குபவர் ஆண்டுக்கு ஒருமுறை கண் மணியில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று நாலைந்து மணி நேரம் கண் கூசும், தறி ஓட்ட முடியாது. அந்த ஒரு நாள் கூலிக்கும் நோட்டில் ஒரு வரி ஒதுக்குகிறோம்.